கண்டிச் சீமை: அறியப்படாத சில வரலாற்றுச் சுவடுகள்

வரலாறு என்றதும் முடியுடை மன்னரும் பெரும்போர்களுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின் ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டின் ஊர்களுடைய வரலாறுகளிலிருந்தே உருவாக வேண்டும் என்ற உண்மையை மேனாட்டார் முன்னரே உணர்ந்திருந்தனர். இங்கிலாந்தில் 1576 ஆம் ஆண்டிலேயே வில்லியம் லம்பார்ட் என்பார் கென்ற் மாவட்டம் ஒன்றையே பொருளாகக் கொண்டு நூலொன்றை வெளியிட்டார். 1899 இல் விக்ரோறியா அரசியின் பெயரால் தொடங்கப்பெற்ற மாவட்ட வரலாற்று வரிசை அந்நாட்டின் ஒவ்வொரு பிரிவினதும் கோயில், குளம், பாலம், கல்லறை ஆகியவற்றைத் தொகுத்துக் கூற முற்பட்டது. ஊரிற் கிடக்கும் உடைந்த கல்லும் வரலாற்றின் ஓர் ஏடே என்பது அவர்தம் கொள்கை.

நமது கண்டிப் பிரதேசமும் இத்தகைய முயற்சியை முற்றிலும் அறியாததன்று. கண்டியில் நீதிபதியாகக் கடமையாற்றிய ஏ. சி. லோறி என்பார் 1896, 1898 ஆம் ஆண்டுகளில் மத்திய மாகாணத்து ஊர்கள் பற்றி இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். ஊர் ஊராகப் பெயர்களை நிரற்படுத்தி, அவ்வவ்வூரிற் கிடைத்த மானியப் பத்திரங்களையும் செவிவழிச் செய்திகளையும் அவற்றில் அவர் பதிவு செய்துள்ளார். ஆனால் அதனையொத்த தமிழ் நூலொன்று இன்றுவரை நம் கையில் இல்லை. பேராதனையிற் பயிலும் நாமோ மகாவலி கங்கைக்கு அப்பால் தெரியும் கன்னொறுவையை நாள்தோறும் காண்கிறோம். 1638 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் நாள் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை அழித்தொழித்த களம் அது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இச்சூழலில் மறைந்து கிடக்கும் சுவடுகளுள், தமிழ்மொழியோடு தொடர்புடைய சிலவற்றை எடுத்துக்காட்டி, அவை உணர்த்தும் உண்மை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாறையில் இரு மொழிகள்

கம்பளை இராசதானியாக விளங்கிய பதினான்காம் நூற்றாண்டிலிருந்து நாம் தொடங்கலாம். பிலிமத்தலாவையிலிருந்து தவுலகலை நோக்கிச் செல்லும் பாதையில், உடுநுவரைப் பகுதியில், கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்னும் மூன்று வழிபாட்டிடங்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ளன. முதலிரண்டும் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் 1344 இல் எழுந்தவை. கடலாதெனிய விகாரையைக் கருங்கல்லாற் கட்டியவன் கணேசுவராசாரி என்னும் சிற்பாசிரியன். லங்காதிலக விகாரையை அமைத்தவன் ஸ்தபதிராயர் எனப்பட்டவன். அப்பணியை முன்னின்று நடத்தியவன் சேனாலங்காதிகார என்னும் அமைச்சன். கடலாதெனியவின் தூண்களையும் விமானத்தையும் காண்போர், தென்னகத்துச் சிவாலயம் ஒன்றின் முன் நிற்பது போன்ற உணர்வைப் பெறுவர். லங்காதிலகவிலோ நடுவே புத்தர் படிமம் விளங்க, சுவரின் வெளிப்புற மாடங்களில் உபுல்வன், சமன், விபீடணன், கணபதி, கந்தகுமாரன் ஆகிய தெய்வங்கள் இடம்பெற்றுள்ளன.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது லங்காதிலகப் பாறையிலுள்ள சாசனமே. விகாரைக்கு அளிக்கப்பட்ட நிலங்களையும் பிற உரிமைகளையும் கூறும் இச்சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. மலைநாட்டின் நடுவே, பௌத்த விகாரை ஒன்றிற்குச் சிங்கள மன்னனின் அமைச்சன் செய்த அறத்தைத் தமிழிலும் கூற வேண்டியதன் காரணம் யாது? சாசனம் என்பது அலங்காரத்துக்காகப் பொறிக்கப்படுவதன்று. இன்ன நிலம் இன்னார்க்கு உரியது என்று படிப்பவர் அறிதற்காகவே அது பொறிக்கப்படுகிறது. எனவே அதனைத் தமிழிற் படித்தறியக் கூடியவர்களும், அறிய வேண்டியவர்களும் இப்பகுதியில் அன்று இருந்தனர் என்பது பெறப்படும். அவர்கள் வணிகராகவோ, சிற்பிகளாகவோ, அரச சேவையிலிருந்தோராகவோ இருந்திருக்கலாம். எவராயினும், அரசு அவர்களை அறிவிக்கப்பட வேண்டிய மக்களாகவே மதித்தது என்பதே முக்கியமாகும்.

இப்பாறையின் முன் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் சேர்ந்து நிற்கும்போது விளங்கும் உண்மை ஒன்றுண்டு. அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முந்திய அவ்வெழுத்துகளைப் பயிற்சியின்றித் தமிழ் மாணவராலும் படிக்க இயலாது. சிங்கள மாணவராலும் படிக்க இயலாது. தத்தம் முன்னோரின் எழுத்தென்று உரிமை பாராட்டும் இரு சாராரும், அதனைப் படிப்பதற்குப் பிறர் உதவியை நாடியே நிற்கின்றனர். உரிமை கொண்டாடுவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அப்பாறை நமக்குப் புகட்டும் முதற் பாடம்.

அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்கு உரியது. மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தோடு தொடர்புபடுத்தப்படுவது. அங்குள்ள மண்டபத்தின் மரத்தூண்களில் அன்னம், யாளி, மல்லர், நடனமாது எனப் பலவகைச் செதுக்கல்கள் காணப்படுகின்றன. அத்தூண்கள் கம்பளை அரச மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். கூரையின் ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்களையும் ஒருங்கே பிணித்து நிற்கும் ஒற்றை மர ஆப்பு தச்சுக்கலையின் விந்தைகளுள் ஒன்று. தனித்தனித் திசைகளிலிருந்து வரும் மரங்கள் ஓரிடத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காணும்போது, அக்கால மலைநாட்டின் பண்பாடும் இவ்வாறே அமைந்திருந்தது என்ற எண்ணம் தோன்றாமற் போகாது.

மெடவளைச் சாசனம்

கண்டிக்கு வடக்கே ஹாரிஸ்பத்துவையில் மெடவளை என்னும் ஊரிற் கிடைத்த சாசனம் வேறொரு செய்தியைக் கூறுகிறது. 1359 ஆம் ஆண்டைச் சார்ந்ததாகக் கணிக்கப்படும் அச்சாசனம் சிங்களத்தில் அமைந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியான மார்த்தாண்டனின் பெயரும், வரி அறவிடுதற்கு அமர்த்தப்பட்ட பிராமணர் பற்றிய குறிப்பும், மாத்தளை, தும்பறை முதலிய பகுதிகளின் பெயர்களும் அதில் இடம்பெறுகின்றன. கம்பளை மன்னனின் ஆட்சிக்குட்பட்ட மலைநாட்டில் யாழ்ப்பாண அரசின் செல்வாக்கு அக்காலத்திற் பரவியிருந்தமைக்கு இது சான்றாகும்.

லங்காதிலகச் சாசனத்துக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே உள்ளன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒன்று சிங்கள அமைச்சன் தமிழிலும் அறம் பொறித்ததைக் காட்டுகிறது. மற்றது தமிழ் மன்னனின் வரிவசூலைச் சிங்களத்திற் பதிவு செய்கிறது. முதலாவதை மட்டும் எடுத்துக் கொள்வோர் பழங்காலத்தில் யாவும் இணக்கமே என்பர். இரண்டாவதை மட்டும் எடுத்துக் கொள்வோர் யாவும் பகைமையே என்பர். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கே, அறமும் அதிகாரமும் அன்று மொழி எல்லையைப் பொருட்படுத்தவில்லை என்பது புலனாகும்.

மலபார் வீதி

கண்டி நகரில் இன்றும் மலபார் வீதி என்றொரு தெரு உண்டு. ஐரோப்பியர் தமிழரையும் தென்னிந்தியரையும் ‘மலபார்’ என்றே வழங்கினர். கண்டி அரசரின் தென்னகத்து உறவினர் குடியிருந்தமையாலேயே இத்தெரு இப்பெயர் பெற்றது. 1739 இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மகனின்றி இறக்கவே, மதுரையிலிருந்து வந்த அவனது பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். அவன் தொடக்கிய நாயக்கர் மரபு 1815 வரை எழுபத்தாறு ஆண்டுகள் நிலைத்தது.

இம்மரபினருள் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) பௌத்தத்துக்கு ஆற்றிய பணி பெரிது. 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரர் முதலிய பிக்குகளை வருவித்து, இந்நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதா மரபை மீண்டும் நிலைநாட்டியது இவன் காலத்திலேயே. அத்தகைய மன்னனையே 1760 இல் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் சேர்ந்து வீழ்த்தச் சதி செய்தனர். அரசன் அந்நிய மரபினன் என்பதும் சைவ வழக்கங்களைக் கைவிடவில்லை என்பதும் அச்சதியோடு சேர்த்துப் பேசப்படும் காரணங்கள். சதி வெளிப்பட்டு முறியடிக்கப்பட்டபோதிலும் மன்னன் பௌத்த பணியைக் கைவிட்டானில்லை.

வட்டபுலுவை என்னுமிடத்தில் மகாவலிக் கரையில் நிகழ்ந்த துன்பியல் நிகழ்ச்சியும் இம்மரபோடு தொடர்புடையதே. 1803 இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர், காலஞ்சென்ற இராஜாதி ராஜசிங்கனின் மைத்துனனான முத்துசாமியைப் பெயரளவு மன்னனாக அமர்த்தினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திற் கண்டிப்படை நகரைத் தாக்கவே, மேஜர் டேவி சரணடைந்து வெளியேறினான். பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்கவியலாது நின்ற வேளையில், முத்துசாமியை ஒப்படைக்குமாறு கேட்கப்பட்டது, டேவியும் ஒப்படைத்தான். முத்துசாமி கொல்லப்பட்டான், அதன்பின் பிரித்தானியப் படையினரும் கொல்லப்பட்டனர். அவ்விடத்து நினைவுச் சின்னம் டேவியின் பெயரையே நமக்கு நினைவூட்டுகிறது. அவனை நம்பி வந்து உயிரிழந்த முத்துசாமியை நினைப்பார் அரியர்.

உடன்படிக்கையின் மூன்றாம் வாசகம்

1815 பெப்ரவரி 18 ஆம் நாள் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தும்பறைப் பகுதியிற் சிறைபிடிக்கப்பட்டான். மார்ச் 2 ஆம் நாள் கண்டி அரச மண்டபத்திற் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. இவ்வுடன்படிக்கை பற்றி நாம் அறிந்தது ஒன்று; அறியாதது மற்றொன்று. கைச்சாத்திட்ட பிரதானிகள் சிலரின் ஒப்பங்கள் தமிழ் எழுத்துக் கலந்து அமைந்திருப்பது பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. அவை தமிழ் எழுத்துகளா, கிரந்த எழுத்துகளா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், தென்னக எழுத்து மரபு கண்டி அரசவையின் உயர்குடியினரிடையே மதிப்புடன் விளங்கியது என்பதை மறுத்தற்கில்லை.

பலரும் நோக்காதது அவ்வுடன்படிக்கையின் மூன்றாம் வாசகம். மன்னனின் ஆண் உறவினர் அனைவரையும் கண்டி மாகாணங்களின் பகைவரென அது பிரகடனஞ் செய்கிறது. அத்துடன் அமையாது, வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆடவர் எவரும் எழுத்து மூலமான அனுமதியின்றி மீண்டும் இம்மாகாணங்களுக்குள் வரலாகாது என்றும், வரின் படைச் சட்டப்படி தண்டனை உண்டு என்றும் விதிக்கிறது. தமிழரை வெளியேற்றும் பத்திரத்திலேயே தமிழெழுத்தின் சாயல் படிந்த ஒப்பங்கள்! வரலாறு சில வேளைகளிற் புலவரினும் நயமாகப் பேசுகிறது.

அப்பத்திரத்தை உருவாக்குவதில் முக்கிய பங்கு கொண்ட சேர் ஜோன் டொயிலி 1824 இற் காலமாகி, தலதா மாளிகைக்குப் பின்புறமுள்ள பழைய படையினர் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டான். அவனால் வீழ்த்தப்பட்ட மன்னன் வேலூரிற் சிறையிருந்து 1832 ஜனவரி 30 ஆம் நாள் உயிர் நீத்தான். அவனது சமாதி பாலாற்றங்கரையில் உள்ளது. கண்டியை ஆள வந்த ஆங்கிலேயன் கண்டி மண்ணிலும், கண்டியை ஆண்ட மன்னன் தமிழக மண்ணிலும் துயில்கின்றனர்.

கல்லறை உடையோரும் அற்றோரும்

தடைவிதி எழுதப்பட்டுப் பத்து ஆண்டுகள் கழியுமுன்னரே அது பொருளிழந்தது. 1820 களில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியிலும், தேசாதிபதி பார்ன்ஸ் கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். நிலம் இருந்தது, மூலதனம் இருந்தது, உழைக்கும் கைகள் போதவில்லை. அரசனின் உறவினராக வந்த தமிழரை வெளியேற்றிய அதே ஆட்சி, கூலியாக வரும் தமிழரை வரவேற்றது. மலபார் வீதியை வெறுமையாக்கியவர்கள் மலைச்சரிவுகளில் லயங்களை நிரப்பினர்.

அம்மக்கள் வந்த வழி துயரம் நிறைந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாகத் தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து கால்நடையாகவே கண்டியை அடைந்தனர். நீரின்மையாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். 1867 இற் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டான். 1869 இற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, பயிர் செய்வோரின் வாழ்வு மாறவில்லை. தமிழகத்துக் கிராமத்து மக்களோ இம்மலைநாட்டைக் ‘கண்டிச் சீமை’ என்று அழைத்தனர். கண்டி என்ற நகரின் பெயர் அவர்தம் நாவில் ஒரு நாட்டின் பெயராகவே விரிந்தது.

முன்னர்க் குறிப்பிட்ட படையினர் மயானம் இன்று செப்பனிடப்பட்டு நன்கு பேணப்படுகிறது. 1856 இற் காட்டுயானையாற் கொல்லப்பட்ட ஓர் ஆங்கிலேயனின் கல்லறை அங்கு வருவோர்க்கு வியப்பளிக்கும் காட்சியாக உள்ளது. ஒருவன் எந்த ஆண்டில், எவ்வாறு இறந்தான் என்பதைக் கல் காத்து வருகிறது. ஆனால் மாத்தளைப் பாதையில் வீழ்ந்த ஆயிரமாயிரம் பேருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. ஓர் ஊரின் வரலாறு எவரைப் பதிவு செய்கிறது, எவரை விட்டுவிடுகிறது என்பதை இவ்விரண்டையும் ஒப்புநோக்கி அறியலாம்.

அச்சிலேறிய கண்டித் தமிழ்

கண்டியின் தமிழ் வரலாறு அரசவையோடும் தோட்டத்தோடும் முடிந்துவிடவில்லை. 1838 இற் கண்டியிற் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1885 இல் அவர் வெளியிட்ட ‘அஸன்பேயுடைய கதை’ ஈழத்தின் முதற் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. தமிழில் முதல் நாவலெனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879 இல் என்பதை நினைவு கூர்ந்தால், இந்நூலின் முதன்மை விளங்கும். கைரோ நகரிலும் இந்திய நகரங்களிலும் நிகழும் கதையைக் கண்டியைச் சேர்ந்த ஒருவர் எழுதினார் என்பது, இந்நகர் வெளியுலகோடு கொண்டிருந்த தொடர்பையும் காட்டுகிறது. எகிப்திய விடுதலைத் தலைவரான அராபி பாஷா 1883 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டுப் பின்னர் கண்டியிலும் வாழ்ந்தார். முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சியில் சித்திலெப்பையோடு அவர் பெயரும் சேர்த்துப் பேசப்படுகிறது. நாவல் இலக்கியம் பயிலும் நம்மிற் பலர் இந்நூலின் பெயரை அறிவர்; அதன் ஆசிரியர் நாம் நடமாடும் இதே நகரத்தவர் என்பதை எண்ணுவோர் குறைவு.

ஏடின்மையின் விலை

மேற்கூறியவை யாவும் வெறும் பழங்கதைகள்தாமே, அவற்றால் ஆகும் பயன் யாது என்று சிலர் வினவலாம். அதற்கு 1948 ஆம் ஆண்டே விடையளிக்கிறது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, அல்லது பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு கோரியது. மூன்று தலைமுறையாகக் கண்டி மலைகளில் உழைத்தும் பிறப்புப் பதிவோ பத்திரமோ இல்லாத மக்கள் அதனை எவ்வாறு நிறுவுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலைமை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெருமளவுக்குத் தீர்ந்தது. 1815 இல் ஒரு வாசகம் தமிழரை வெளியேற்றியது. 1948 இல் ஏடின்மையே அவ்வேலையைச் செய்தது. வரலாற்றுப் பதிவு இல்லாமை அறிவுக் குறைபாடு மட்டுமன்று. வாழ்வையே பறிக்கவல்ல குறைபாடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனைக் கூறுவதால், கண்டி எமக்கே உரியது என்று வாதிடுவது நமது கருத்தன்று. அவ்வாறு வாதிடுவோர் எவராயினும் லங்காதிலகப் பாறையின் ஒரு பாதியை மறைத்துவிட்டே பேசுகின்றனர். அப்பாறையில் இரு மொழிகளும் உள்ளன; எம்பெக்கேயில் எல்லாக் கைமரங்களும் ஓர் ஆப்பையே சார்ந்துள்ளன. மறுபாதியையும் சேர்த்துப் படிப்பதே மாணவராகிய நம் கடன்.

அக்கடனை நிறைவேற்றப் பெருஞ்செல்வமோ பேரறிவோ வேண்டுவதில்லை. தொல்லெழுத்தைப் படிக்க நம்மிற் சிலர் முறையாகப் பயில வேண்டும். சிங்கள மாணவருடன் சேர்ந்தே பயில்வது சாலச் சிறந்தது. தோட்டங்களுக்கும் மலைகளுக்கும் மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்களையும், கோயிற் கல்வெட்டுகளையும், முதியோர் நினைவிலுள்ள செய்திகளையும் விடுமுறைக் காலங்களிலேயே தொகுக்கலாம். தோட்டப் பகுதியிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் தொகை பெருகிவரும் இக்காலத்தில், தத்தம் பாட்டனாரிடம் கேட்டறிந்து ஆளுக்கு ஓரேடு எழுதினும் லோறியின் தொகுதிகளுக்கு இணையான தமிழ்த் தொகுதி ஒன்று உருவாகிவிடும். பாறை இன்னும் சில நூற்றாண்டுகள் பொறுத்திருக்கும். முதியோரின் நினைவு அவ்வளவு காலம் பொறுத்திராது.